மேடைப் பக்கத்துப் பாத்தி

அக்டோபர் 7, திங்கள்

லும்போய் தொடக்கப் பள்ளித் தோட்டம் இன்றிலிருந்து டெல்ஃபின் பொறுப்பில். சொன்னவர் சார் வெனான், எங்கள் நகராட்சியின் விவசாய அதிகாரி. காலைக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும், காபியை ஊதிக்கொண்டே சொன்னார். ஆகவே வதந்தி இல்லை.

"எடித், உனக்கு நெல்லு வேலை ரெண்டு கிராமம் கூடுது. பள்ளிக்கூடத்த டெல்ஃபின் பாத்துக்கட்டும். டிசம்பர்ல மாகாணத்துலேர்ந்து தோட்டப் போட்டிக்கு வருவாங்கல்ல? அதுல எப்படி வருதுன்னு பாத்துட்டு, நிரந்தரமா யாருக்குன்னு முடிவு பண்ணிக்கலாம்."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? ஒன்பது வருடம். சரளைக் கல் கிடந்த இடத்தைக் கோழி எரு போட்டு மண்ணாக்கியது நான். நான்கு முறை நகராட்சி முதல் பரிசு. அந்தக் கேடயங்கள் தலைமை ஆசிரியர் அறையில் இருக்கின்றன. தூசு துடைப்பதுகூட நான்தான்.

டெல்ஃபின் விவசாயக் கல்லூரியில் என் வகுப்பு. பாலவான் தீவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தான். அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள். ஐம்பத்தொரு வயதில் ஊர் திரும்பி, எங்கள் அலுவலகத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறான். ஜூனிலும் டிசம்பரிலும் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் அவனுக்குச் சோறு. நான் நிரந்தரம். அவனைப் பார்த்து எனக்கு ஏன் எரிய வேண்டும்?

எரிகிறது.

அக்டோபர் 9, புதன்

ஒப்படைக்கப் போனேன். மோட்டார் சைக்கிளோடு பெட்டி இணைத்த ட்ரைசைக்கிளில் டெல்ஃபினும் நானும் முட்டி இடிக்க உட்கார்ந்து. வழியெல்லாம் அவன் பேச்சு. இறங்குவதற்குள் ஓட்டுகிறவரின் மகளுக்குப் பல்வலி என்பது வரை தெரிந்துகொண்டான். அந்த ஆளோடு நான் ஆறு வருடமாகப் போய்வருகிறேன். அவருக்கு மகள் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

குளோரி கேட்டிலேயே நின்றிருந்தாள். அவள்தான் பள்ளியில் தோட்டத்துக்கு உரிய ஆசிரியை. அவள் மூத்தவனுக்கு நான் ஞானத்தாய். அதனால் அவள் எனக்கு 'மாரே', நான் அவளுக்கு 'மாரே'.

"மாரே, ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? பள்ளிக்கூடத்த அவர் தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஓடிடவா போறார்?" என்றாள். சிரித்தேன். பல் வலித்தது.

பாத்திகளைக் காட்டினேன். பெச்சாய்க் கீரை, காராமணி, வெண்டை, பாகல், வேலியோரம் முருங்கை. எல்லாம் நூல் பிடித்த வரிசை. மேடைப் பக்கத்துப் பாத்தியில் மக்காச்சோளம் அறுத்த தட்டை மட்டும் நின்றது. டெல்ஃபின் மெதுவாக நடந்து பார்த்தான்.

"அழகா இருக்கு எடித். யாரு நட்டது?"

"நான்தான்."

"பிள்ளைங்க?"

"தண்ணி ஊத்துவாங்க."

"ம்," என்றான். அந்த 'ம்'மை வீடு வரை சுமந்து வந்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

அடுத்து என்ன நடலாம் என்று பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு நடத்தினானாம். நான் நான்கு பரிசையும் யாரிடமும் கேட்காமல்தான் வாங்கினேன். தக்காளி ஜெயித்ததாம்.

அக்டோபர் 14, திங்கள்

மாலைத் தீனி நேரத்தில் என் மேசைக்கு வந்தான். கையில் இரண்டு பன். ஒன்று எனக்கு.

"எடித், அந்த மேடைப் பக்கத்துப் பாத்தி இருக்குல்ல, நல்ல வெயிலு, குழாயும் கிட்டக்க. அதுல ஏன் எப்பவும் மக்காச்சோளமே போட்டிருக்க? குளோரியக் கேட்டா, 'எடித் எப்பவும் அதான் போடுவா'ங்கறாங்க."

காரணம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். எட்டு வருடம் முன்பு, குளோரி தோட்டத்துக்கு வருமுன், நான் அங்கே தக்காளி போட்டேன். பூவெடுக்கும் சமயம் பச்சையாகவே தொங்கிச் செத்தது. பாக்டீரியா வாடல் நோய். மண்ணில் உட்கார்ந்துகொண்டால் எளிதில் போகாது. தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் விடாது, சோளத்தைத் தொடாது. ஒரு சனிக்கிழமை, ஆளில்லாத நேரம், எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிட்டுச் சோளம் விதைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குத் தக்காளி வளர்க்கச் சொல்லித்தருகிறவள் நட்ட தக்காளி சாகலாமா?

"பிள்ளைங்களுக்கு அவிச்ச சோளம் பிடிக்கும்," என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பொய் இல்லை. பிள்ளைகளுக்கு அவித்த சோளம் பிடிக்கத்தான் செய்யும். அவன் கொடுத்த பன்னைத் தின்று முடித்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நெல் வயலுக்குப் போகும் வழியில் பள்ளிக்குள் எட்டிப்பார்த்தேன். (வழியில் இல்லை. சுற்றிக்கொண்டு போனேன்.) மேடைப் பக்கத்துப் பாத்தியில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முழங்கையால் இடைவெளி அளந்து நடுகிறார்கள். வரிசை பாம்பு போல வளைகிறது. டெல்ஃபின் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு சிறுமியின் கால் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். கழுத்தில் முடிச்சுப் போட்ட துண்டு. பையன்கள் பாதிப்பேர் கழுத்திலும் அதே மாதிரி முடிச்சு. கைக்குட்டையில்.

ஒன்பது வருடத்தில் என்னைப் போல ஒருவரும் எதையும் கட்டிக்கொண்டதில்லை.

சொல்ல இன்னும் நேரம் இருந்தது. கேட்டிலிருந்து பாத்திக்கு நாலு எட்டு. 'நிறுத்து, இங்க வேணாம்' என்றால் போதும்.

ஷைரா என்ற பெண் ஓடிவந்து ஒரு நாற்றை நீட்டினாள். "மேம், நீங்களும் ஒண்ணு நடுங்க!"

நட்டேன். அந்த மண்ணில். என் கையால்.

அக்டோபர் 25, வெள்ளி

பள்ளியில் மதியச் சமையல் நாள். எடை குறைந்த பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேருக்குத் தோட்டத்துக் காயில்தான் சமையல். அம்மாமார்கள் முறை வைத்துச் சமைப்பார்கள். கையெழுத்து வாங்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மேம் எடித், உங்க காலத்துல எங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. இப்ப சனிக்கிழமை ஆனா மண்வெட்டியத் தூக்கிட்டு மொத ஆளாக் கெளம்புறார்," என்றாள் சியோனிங்.

"டெல்ஃபின் சார்கிட்ட சொல்லியிருக்கேன், பாத்திரம் கழுவறதுக்கும் எங்க வீட்டுல ஒரு வாக்கெடுப்பு வைங்கன்னு," என்றாள் இன்னொருத்தி.

"வச்சா உனக்குத்தான் ஓட்டு விழும். உன் வீட்டுல ஓட்டுப் போடுறது அஞ்சும் ஆம்பளைங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். 'உங்க காலத்துல.' நான் செத்தா போய்விட்டேன்?

நவம்பர் 8, வெள்ளி

தக்காளி பூத்துவிட்டது. குளோரி போனில் படம் அனுப்பியிருக்கிறாள். கூடவே: "மாரே, இந்தப் பாத்தி இவ்வளவு நல்லா வரும்னு நமக்குத் தோணவே இல்ல பாரேன்!"

நமக்கு.

படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். இலை நிமிர்ந்திருக்கிறது. நோய் போய்விட்டதா? இத்தனை வருடச் சோளத்தில் மண் சுத்தமாகிவிட்டதா? அப்படியென்றால் சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். மண்ணை ஆற்றியது நான். ஆனால் அதை யாரிடம் சொல்வது? சொன்னால் முன்னாலேயே தெரியும் என்றாகிவிடும்.

என் கணவர் ரொமி சாப்பிடும்போது, "எடித், சோத்துல கை வச்சதுலேர்ந்து அந்த டெல்ஃபின் பேரத்தான் சொல்லிக்கிட்டிருக்க. நியாயமாப் பாத்தா எனக்குத்தான் பொறாம வரணும்," என்றார்.

"மீன எடுத்துக்கோங்க," என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

மூன்று நாளாக விடாத மழை. இன்று வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஈர மண், மேலே சூடு. இந்த நோய்க்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது.

வாடட்டும் என்று நான் நினைக்கவில்லை.

நினைத்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

குளோரி அழைத்தாள். குரல் உடைந்திருந்தது. "மாரே, தக்காளி பச்சையாவே தொங்குது. நேத்து மத்தியானம் தலை சாஞ்சுது, சாயங்காலம் நிமிந்துக்கிச்சு. இன்னைக்குக் காலையில நிமிரல. ஒரு வரிசையே போச்சு. தண்ணி பத்தலையா? பிள்ளைங்க வாளி வாளியா ஊத்துறாங்க."

"தண்ணி ஊத்த வேணாம்னு சொல்லு. டெல்ஃபின கேளு," என்றேன்.

போனை வைத்த பிறகு என் முகத்தை அலமாரிக் கண்ணாடியில் பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 20, புதன்

போகாமல் இருக்க முடியவில்லை. போனேன்.

அவன் தலைகுனிந்து நிற்பான் என்று எண்ணினேன். மேடை மேல் ஒரு மேசை, அதன் மேல் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர். செத்த செடி ஒன்றின் தண்டை ஷைராவையே வெட்டச் சொல்லி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி தொங்கவிட்டான். "யாரும் பேசக்கூடாது. மூச்சு மட்டும்தான்." பள்ளிக்கூடமே மேடையைச் சுற்றி. சமையல் அம்மாமார்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் தண்டிலிருந்து வெள்ளை நூல் போல ஒன்று இறங்கியது. பால் கசிகிற மாதிரி. டம்ளருக்குள் மெல்லச் சுருண்டது.

"ஓ!" என்று அத்தனை பிள்ளைகளும்.

"அதுதான் ஆளு. தக்காளிக்குள்ள தண்ணிக் குழாய அடைச்சிட்டுது. நீங்க எவ்வளவு ஊத்தினாலும் மேல ஏறாது. தப்பு உங்களோடது இல்ல. நான் மண்ணச் சோதிக்காம நட்டேன். தப்பு என்னோடது."

"சார், அப்போ உங்களத்தான் முட்டி போடச் சொல்லணும்!" என்று ஒருவன். டெல்ஃபின் உடனே முட்டி போட்டான். சிரிப்பு அடங்கவே இல்லை. கைதட்டல் வேறு.

என் தக்காளி செத்தபோது நான் யாருக்கும் தெரியாமல் எரித்தேன். அவன் தக்காளி செத்ததற்கு மேடை போட்டுக் கைதட்டு வாங்குகிறான். செத்த செடிகூட அவனுக்குத்தான் வேலை செய்கிறது!

நவம்பர் 21, வியாழன்

அலுவலகத்தில் என் மேசைக்கு எதிர் மேசை அவனுடையது. இன்று ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கொஞ்சம் நீளமாக.

நவம்பர் 29, வெள்ளி

கிறிஸ்துமஸ் ரகசியப் பரிசுக்குச் சீட்டு எடுத்தோம். யார் பெயர் வருகிறதோ அவர்களுக்கு வாராவாரம் ஆள் தெரியாமல் பரிசு வைக்க வேண்டும். முதல் வாரம் 'மெத்தென்று ஏதாவது'.

சீட்டைப் பிரித்தேன். டெல்ஃபின்.

கடவுளுக்கு வேறு வேலை இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

நாளை மாகாணக் குழு வருகிறது. முந்தின நாள் எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான்: யார் வீட்டுக் கொல்லையில் வளர்ந்த கீரை இருக்கிறதோ வேரோடு பெயர்த்து வந்து காலிப் பாத்தியில் ஊன்றுவார்கள்; தொட்டியோடு மிளகாயைப் புதைத்து விளிம்பை மண்ணால் மூடுவார்கள். குழு போன பிறகு அவரவர் செடி அவரவர் வீட்டுக்கு. குழுவுக்கும் தெரியும். அவர்களும் ஒரு காலத்தில் செய்தவர்கள்தான்.

குளோரி மதியம் அழைத்தாள். "மாரே, நீயாவது வந்து சொல்லேன். சியோனிங் வீட்டுலேர்ந்து பெச்சாய் கொண்டாந்து அந்தப் பாத்திய ரொப்பிடலாம்னா டெல்ஃபின் சார் ஒத்துக்க மாட்டேங்கறார். காலியாவே இருக்கட்டும்ங்கறார். பிள்ளைங்க பலகை எழுதியிருக்காங்களாம்."

"என்ன பலகை?"

"'இங்கே எங்கள் தக்காளி செத்தது. ஏன் என்று எங்களைக் கேளுங்கள்.' குழு என்ன நெனைக்கும் மாரே?"

"தோட்டம் அவரோடதுதானே," என்றேன். இனிமையாகத்தான் சொன்னேன்.

டிசம்பர் 4, புதன்

குழு வந்தது. நான் நெல் வயலில். குளோரியின் ஒரே செய்தி: "பிள்ளைங்க அருமையாப் பேசினாங்க. ஆனா குழுவோட பெரிய மேம் காலிப் பாத்தியப் பாத்து மார்க் ஷீட்டுல என்னமோ கிறுக்கிட்டே இருந்தாங்க."

டிசம்பர் 6, வெள்ளி

முடிவு வந்தது. லும்போய் ஐந்தாமிடம். சார் வெனான் கதவைச் சாத்திக்கொண்டு என்னை மட்டும் கூப்பிட்டார்.

"செத்த செடிக்குப் பலகை வைக்கிறான்! மேயர் என்னக் கேக்குறார், இது தோட்டமா கல்லறையான்னு. எடித், ஜனவரியிலேர்ந்து நீயே எடுத்துக்க. ஒப்பந்தம் நீட்டிக்கிற பட்டியல்ல அவன் பேர நான் போடல. மண்ணச் சோதிக்காம நட்டது அவன் தப்புன்னு அவனே பிள்ளைங்க முன்னாடி சொல்லியிருக்கான்."

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. கேட்காததும் ஒன்று.

டிசம்பர் 10, செவ்வாய்

பள்ளிக்குப் போனேன், 'என்' பள்ளிக்கு. இனிமேல் நான்தான் வருவேன் என்று குளோரி பிள்ளைகளிடம் சொன்னாள். "நல்வரவு மேம்," என்று சேர்ந்து பாடினார்கள், பார்வையாளர் வந்தால் பாடுகிற ராகத்தில்.

பிள்ளைகள் புதிதாக விதைத்து வளைந்து கிடந்த காராமணி வரிசையை நேராக்க ஆரம்பித்தேன். ஷைரா பின்னாலேயே வந்தாள். "மேம், ஏன் புடுங்குறீங்க?"

"கோணலா இருக்கு."

"கோணலா இருந்தா காய்க்காதா மேம்?"

"காய்க்கும்."

"அப்புறம் ஏன் மேம்?"

ஒன்பது வருடத்தில் இந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளையும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை. அவர்களுக்குக் கேட்கத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு, "சார் எப்போ மேம் வருவார்?" என்றாள். அடுத்த கொடியைப் பிடுங்கினேன்.

டிசம்பர் 12, வியாழன்

பரிசின் இரண்டாவது வாரம், 'கழுத்துக்கோ தலைக்கோ'. போன வாரம் வைத்த தலையணையைப் பற்றி இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்று ஒரு நல்ல பருத்தித் துண்டு வைத்தேன். எடுத்து உடனே கழுத்தில் முடிந்துகொண்டு, "யாருங்க அது? என் மனசுல பூந்து பாத்த மாதிரி வாங்கி வைக்கிறது?" என்று அறை முழுக்கச் சுற்றிவந்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

பட்டியலில் பெயர் இல்லை என்று அவனுக்கு நேற்றே சொல்லிவிட்டார்களாம். எப்படிச் சிரிக்க முடிகிறது? அந்தச் சிரிப்பின் மேல்கூட எனக்குப் பொறாமை. என்ன ஜென்மம் நான்?

டிசம்பர் 13, வெள்ளி

எல்லோரும் போன பிறகு அவன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தான். விதைப் பொட்டலங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினான். நான் பையை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"என்ன எடித், சொல்லணும்னா சொல்லு. இல்லன்னா ட்ரைசைக்கிள் போயிடும்."

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"சோளம்."

டப்பாவை மூடினான். "டம்ளர்ல வெள்ளையா எறங்குச்சு பாரு, அப்பவே தெரியும். அத்தனை வருஷம் சோளம். ஒரு தடவைகூட தக்காளி இல்ல, கத்தரி இல்ல, மொளகா இல்ல. தெரியாமலா போட்ட? காலேஜ்ல செடி நோய்ப் பாடத்துல என்னவிட நீதான் மார்க்கு."

"அப்புறம் ஏன் சார்கிட்ட சொல்லல?"

"சொல்லி? ஆறு மாசக்காரன் நிரந்தரக்காரி மேல பழியப் போட்டுத் தப்பிக்கப் பாக்குறான்பாங்க. அவ்வளவுதான் மிஞ்சும்." சட்டென்று குரல் ஏறியது. அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நான் வந்து கேட்டேனேடி உன்கிட்ட! பன்னு வாங்கிக் குடுத்துக் கேட்டேன்! அந்தப் பிள்ளைங்க லீவு நாள்லகூட வந்து தண்ணி ஊத்துச்சுங்க. எனக்கு வேணும்னா செய்யி. அதுங்களுக்கு ஏன்?"

என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. அதுங்க கைக்குட்டைய உன்ன மாதிரி கட்டிக்கிச்சுங்க, அதனால.

டிசம்பர் 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாவம் மனதில் இருக்கும்போது வாங்கக் கூடாது என்பதால் நற்கருணை வாங்கவில்லை. ரொமி பார்த்தார்.

டிசம்பர் 16, திங்கள்

சார் வெனானிடம் சொன்னேன். கதவு திறந்தே இருந்தது, சாத்தச் சொல்லவில்லை. எட்டு வருடம் முன்பு செத்த தக்காளி, எரித்தது, சோளம், டெல்ஃபின் கேட்டது, நான் சொன்னது. முன்பின் மாறாமல், ஒன்றையும் சிறிதாக்காமல்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இத ஏன் இப்ப சொல்ற? நான் உன்னக் கேக்கவே இல்லையே."

"கேக்காததாலதான் சார் இத்தனை நாள் சொல்லாம இருக்க முடிஞ்சுது."

"கோப்புல ஏறும் எடித். பதவி உயர்வு வரிசையில மொத ஆளா நிக்கிற நீ."

"ஏறட்டும் சார்."

"பட்டியல் மேயர் ஆபீசுக்குப் போயிடுச்சு. பின்னாலேயே ஒரு துணைக் குறிப்பு அனுப்பலாம். அவர் ஒத்துக்குவாரான்னு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது." பேனாவை மறுபடி திறந்தார். "பள்ளிக்கூடம் இப்போதைக்கு உனக்கும் இல்ல."

வெளியே வந்தேன். தட்டச்சு மேசை ரோவெனா என்னைப் பார்க்காமல் பார்த்தாள். மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அதற்குள் குளோரிக்கு நானே சொல்ல வேண்டும்.

டிசம்பர் 17, செவ்வாய்

பள்ளியில் கிறிஸ்துமஸ் விருந்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குளோரி ஏணி மேல். கீழே நின்றே சொன்னேன். பாதியில் அவள் கை நின்றது. இறங்கவில்லை. முழுவதையும் அங்கேயிருந்தே கேட்டாள்.

"நான் உங்கிட்ட போன்ல அழுதேன்," என்றாள்.

"ஆமாம்."

"நீ 'தண்ணி ஊத்த வேணாம்'னு சொன்ன. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். பாக்காமலே எப்படித் தெரிஞ்சுதுன்னு."

ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"முப்பத்தெட்டு பிள்ளைங்க தட்டுக்குப் போக வேண்டிய தக்காளி. இந்த மாசம் பூரா வெறும் கீரையும் கஞ்சியும்தான் போட்டோம்." தோரணத்தின் முனையை ஆணியில் மாட்டினாள். பிறகு, என் முகத்தைப் பார்த்து, மிக மரியாதையாக: "வேற ஏதாவது இருக்கா மேம்?"

பதினோரு வருடப் பழக்கத்தில் அவள் என்னை மேம் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. திட்டியிருக்கலாம். ஏணியால் அடித்திருக்கலாம்.

டிசம்பர் 18, புதன்

ரொமி வறுத்த மீனை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "நல்ல காரியம்," என்றார். "எதச் சொல்றீங்க?" என்றேன். "சொன்னதத்தான். சொல்லாததச் சொல்லல," என்றார். பிறகு வேறு பேச்சு.

டிசம்பர் 20, வெள்ளி

அலுவலக விருந்து. யார் யாருக்குப் பரிசு வைத்தது என்று வெளியிடும் நேரம். என் முறை வந்ததும் எழுந்து, "டெல்ஃபினுக்கு நான்தான்," என்றேன். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. டெல்ஃபின் கழுத்துத் துண்டைக் கையால் தொட்டான். கழற்றிவிடுவான் என்று நினைத்தேன். கழற்றவில்லை. நன்றியும் சொல்லவில்லை. யாரோ பாட்டுப் போட்டார்கள்.

டிசம்பர் 23, திங்கள்

அலுவலகத்தில் பாதிப்பேர் விடுப்பு. டெல்ஃபின் மீதிச் சாமான்களை எடுக்க வந்தான். எடுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தான். துணைக் குறிப்பு மேயர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக ரோவெனா உறுதி செய்தாள். பெற்றுக்கொண்ட முத்திரையை நானே பார்த்தேன். மேயர் மணிலாவிலிருந்து வெள்ளிக்கிழமைதான் திரும்புகிறார்.

"வெள்ளிக்கிழமை என் பேர் வரலன்னா பள்ளிக்கூடத்துக்கு யாரு போவா?" என்றான் ஜன்னலைப் பார்த்தபடி. "ஜனவரில புது நாத்து விடணும். அந்தப் பாத்தியில என்ன போடறதுன்னு அதுங்களுக்கு ஓட்டு பாக்கி இருக்கு."

"அந்த ஓட்ட நான் நடத்த மாட்டேன்."

"ஏன்? உனக்கு நடத்தத் தெரியாதா?"

"தெரியாது. நட்டுக் குடுக்கத் தெரியும். போன வாரம் பூரா யோசிச்சேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுங்க உன்னத்தான் கேக்கும்."

இப்போது திரும்பிப் பார்த்தான். "இதச் சொல்ல எரியுதா?"

"எரியுது."

"இன்னுமா?"

"இன்னும்."

மேசை மேல் ரோவெனா வைத்துவிட்டுப் போன அரிசி அப்பம் ஒன்று இருந்தது. பாதியாகப் பிய்த்தான். எனக்கு நீட்டவில்லை, எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில், எடுத்தால் எடு என்பது போல வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டேன்.

இன்னும் தெரியாதவை: டெல்ஃபினின் ஒப்பந்தம், மேயர் கையெழுத்துப் போட்டால், 27 வெள்ளி காலை. என் கோப்பில் ஏறும் குறிப்பு, அதே நாள். லும்போய் யாருக்கு என்பது, ஜனவரியில் பள்ளி திறக்கும்போது. குளோரிக்கு மூன்று செய்தி அனுப்பியிருக்கிறேன், மூன்றையும் படித்திருக்கிறாள். பதில் எப்போது என்று தெரியவில்லை.